பெண் பிள்ளைக்குக் கைப்பந்து சோறு போடுமா, சார்?

பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் படிவம் ஐந்து படிக்கிறாள். இரண்டு வருடமாக மாவட்டக் கைப்பந்துக் குழுவில் இருக்கிறாள், போன வருடம் பினாங்கு மாநிலப் பள்ளிகளின் குழுவிலும் இடம் கிடைத்திருக்கிறது. இப்போது எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) முடிந்ததும் கோச்சாகப் போவதாகச் சொல்கிறாளாம். அப்பாவுக்குப் பிறையில் ஷிஃப்ட் வேலை. அம்மாவின் கடிதத்தில் கொஞ்சம்:

"மணி ஏழரைக்கு வேர்த்து விறுவிறுத்து வருகிறாள். வெயிலில் நின்று கறுத்துப் போய்விட்டாள். கோச் ஓர் ஆம்பிளை. நல்லவர்தான் என்கிறார்கள், ஆனால் வெளியூர்ப் போட்டி என்றால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. படிப்பை விட்டு இதைப் பிடித்தால் பிழைப்பாளா? பெண் பிள்ளைக்குக் கைப்பந்து சோறு போடுமா, சார்?"

அம்மா, வணக்கம்.

சோற்றுக் கேள்விக்கே முதலில் வருகிறேன். ஆடிச் சம்பாதிப்பதைத்தான் கேட்கிறீர்கள் என்றால், போடாது. இந்த நாட்டில் கைப்பந்து ஆடியே வீட்டு வாடகை கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சுக்மா விளையாட்டுப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும், அதிலும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 21 வயதோடு கதவு சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆடுவது ஆசைக்காகத்தான்.

பக்கத்து நாட்டுக் கதை வேறு. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிப் பாடாங் பெசாரில் இறங்கினால் அந்தப் பக்கம் தாய்லாந்து. அங்கே பெண்கள் கைப்பந்துக்கு இருக்கும் மரியாதை நம் ஊரில் பேட்மிண்டனுக்கு இருப்பதைப் போன்றது. 2009, 2013, 2023 என்று மூன்று முறை ஆசிய சாம்பியன். 2025இல் பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பையே பாங்காக், சியாங் மாய், புக்கெட் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். அவர்களுடைய செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நூட்சரா தோம்கோம் துருக்கி வரைக்கும் போய் ஆடினார். இந்தோனேசியாவின் மேகாவாத்தி கொரியாவில் ஆடினார். உங்கள் மகள் போனில் இதையெல்லாம் பார்த்திருப்பாள், அதனால்தான் கண்ணில் அந்த வெளிச்சம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் பத்து வயதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு வேறு, நம் பள்ளித் திடலில் சிமெண்டுத் தரையில் நடக்கும் பயிற்சி வேறு.

அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் உண்டு என்று யாராவது மாமா சொல்லியிருப்பார். உண்டுதான். அங்கே பெண்கள் கைப்பந்துக்குப் பல்கலைக்கழகங்கள் பணத்தை அள்ளி இறைக்கின்றன. ஆனால் அங்கே எடுக்கப்படும் பிள்ளைகளின் உயரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். பெண்களுக்கான வலையே 2.24 மீட்டர். இப்போதே ஃபீஸ் கொடுங்கள், நான் இடம் வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜெண்டு வந்தால் தேத்தார் டீயே கொடுத்து அனுப்பிவிடுங்கள், காசு கொடுத்து அல்ல.

இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வளர்ந்தது நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில். சாயங்காலம் ஆனால் இரண்டு கம்பம், ஒரு கயிற்று வலை, ஒட்டுப் போட்ட பந்து. எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். பந்தைத் தூக்கிக் கொடுத்தால் அடிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம், அப்படி ஒரு கை. படிவம் ஐந்து பாதியில் ஒரு தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் குழுவில் ஆடக் கூப்பிட்டார்கள். வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு என்றார்கள். பரீட்சை எழுதாமல் போனான். சில வருடத்தில் மேலாளர் மாறினார், குழுவைக் கலைத்தார்கள். வேலை மட்டும் மிஞ்சியது, அதுவும் அடிமட்டத்தில். சிஜில் (சான்றிதழ்) இல்லாததால் கடைசி வரை சூப்பர்வைசர் ஆக முடியவில்லை. இன்றைக்கும் பார்த்தால் "பரீட்சையை மட்டும் எழுதியிருக்கலாம்டா" என்பான். ஆடப் போனதற்காக அவன் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அதனால் எஸ்.பி.எம்.மில் பேரம் வேண்டாம். இதை அவளிடம் நீங்கள் சொன்னால் சண்டை வரும், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோகு (புறப்பாட) மார்க் இருக்கிறதே, மாநிலத்துக்கு ஆடியிருக்கிறேனே என்பாள். கணக்குப் போட்டே காட்டலாம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற மத்திய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது படிப்புக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. படிப்பில் நூற்றுக்கு 70 எடுத்தவளுக்கு 63 ஆகும். கைப்பந்தால் 10இல் 9 கிடைத்தாலும் மொத்தம் 72. படிப்பில் 85 எடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 76.5, கோகுவில் பாதிதான் என்றாலும் 81.5. விளையாட்டு கதவைத் தள்ளிவிடும், ஆனால் திறக்கிற கை புத்தகம் பிடித்த கைதான். (மாநில அளவில் ஆடிய சான்றிதழ் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மெத்தைக்கு அடியில் மடித்து வைத்ததை நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.)

சரி, ஆட்டத்தைச் சுற்றி என்ன வேலை இருக்கிறது? இதைத்தான் அவளும் நீங்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆசிரியர் வேலை முதலில். ஆசிரியர் கல்விக் கழகத்தில் உடற்கல்வி எடுத்துப் படித்தால் ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு நான்கு ஆண்டுகள், முடிவில் அரசாங்கச் சம்பளம். போட்டி கடுமை, எஸ்.பி.எம்.மில் ஏக்கள் இல்லாமல் கிட்டப் போக முடியாது. தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுநர் கலைக்கும் தனிப் புலமே இருக்கிறது, அவள் கனவுக்கு நேர் வழி அதுதான். மலாயா பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் உண்டு. நம் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் உண்டு, ஆனால் அது பினாங்கு மிண்டன் வளாகத்தில் இல்லை, கிளந்தான் குபாங் கெரியான் வளாகத்தில். முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், ஆஃபர் கடிதம் வந்த பிறகு அழ வேண்டாம். யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கானது, அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆறாம் படிவம் போனாலும் அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் விளையாட்டு அறிவியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதைத் தரும் பள்ளியா என்று கேட்டுச் சேருங்கள்.

உயிரியல் பிடிக்கும் பிள்ளை என்றால் பிசியோதெரபி. இதில் ஒரே எச்சரிக்கைதான். 2016ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் பிசியோ என்று தொழில் செய்யலாம். தனியார் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்துச் சேர்வதற்கு முன் அந்தப் படிப்புக்குக் கல்வித் தரத்தைப் பார்க்கும் எம்.கியூ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, அதை முடித்தால் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாத மசாஜ் கோர்ஸ் முடித்துச் சட்டையில் பிசியோ என்று எழுதிக்கொண்டு திரிகிறவர்களோடு உங்கள் மகளைச் சேர்க்க வேண்டாம்.

கோச் வேலைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

கோச் ஆம்பிளை, வெளியூர் அனுப்ப மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரி எனக்கு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை வருகிறது. பிறையிலிருந்து வரும், சுங்கை பாக்காப்பிலிருந்து வரும், தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸிலிருந்தும் வரும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். 12 வயதில் பெண் பிள்ளைகள் பையன்களுக்குச் சமமாக ஓடியாடுகிறார்கள். படிவம் இரண்டு மூன்றுக்கு வந்ததும் ஒருத்தி ஒருத்தியாகக் காணாமல் போகிறார்கள். சடங்கு முடிந்தது, அம்மா வேண்டாம் என்றார், டியூஷன் இருக்கிறது. உண்மைக் காரணம் பாதிப் பேருக்கு நீங்கள் எழுதிய அதே வரிதான். திடலில் நம்பிக்கையான ஒரு பெண் நிற்கவில்லை.

அம்மா, அந்த இடம்தான் காலி. உங்கள் மகளுக்கு வேலை எங்கே என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்களைப் போலத் தூங்காமல் படுத்திருக்கும் அம்மாக்கள்தான் அவளைத் தேடப் போகிறவர்கள். ஸ்மேஷ் அடிக்கச் சொல்லித்தர ஆள் கிடைக்கும். மாதவிடாய் வந்த பிள்ளையிடம் "இன்றைக்கு உட்காரு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய கோச், பஸ்ஸில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரும் கோச், அம்மா போன் பண்ணினால் எடுக்கும் கோச், அதுவும் தமிழில் பேசுகிறவள், எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதற்காக நாளைக்கே விசிலை ஊதிக்கொண்டு நிற்க முடியாது. சிஜில் வேண்டும். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம், எஸ்.பி.கே.கே. என்பார்கள், புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழ் நடக்கிறது. விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, அந்தந்த ஆட்டத்துக்கான பயிற்சி ஒரு பகுதி, முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை. மேலே போக வேண்டுமானால் உலகக் கைப்பந்துச் சம்மேளனத்தின் பயிற்றுநர் கோர்ஸ்களும் மூன்று நிலைகளாக உண்டு. படித்துக்கொண்டே இதைச் செய்யலாம், படிப்பை விட வேண்டியதில்லை.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். பள்ளிகளில் பகுதிநேரக் கோச்சுக்கு மணிக்கணக்கில்தான் கொடுப்பார்கள். பள்ளி விடுமுறை என்றால் இல்லை, பரீட்சை மாதம் இல்லை, நோன்பு மாதத்தில் சாயங்காலப் பயிற்சியே இல்லை. எனவே 22, 23 வயது வரைக்கும் கோச் வேலை அவளுக்குக் கைச்செலவு, தொழில் என்று நினைக்கக் கூடாது. ஆசிரியர் வேலையோ பிசியோவோ விளையாட்டு அறிவியல் பட்டமோ பக்கத்தில் நின்றால்தான் அது குடும்பம் தாங்கும். பின்னாளில் சொந்தமாகக் கிளப் தொடங்கினால், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். அது அப்புறம்.

இந்த வருடமே அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பைசா செலவில்லை. புள்ளித் தாள் எழுதக் கற்றுக்கொள்ளட்டும். கைப்பந்தில் அது சாதாரணக் கணக்கு இல்லை. ஆறு பேர் எந்த வரிசையில் சுற்றுகிறார்கள், யார் சர்வ் போட வேண்டும், யாருக்கு யார் மாற்றாக வந்தது, எல்லாம் அதில் இருக்கும். லிபரோ (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) எப்போது உள்ளே எப்போது வெளியே என்பதற்கு உதவியாளர் தனித் தாள் எழுதுவார். தாள் எழுதத் தெரிந்த பிள்ளையை மாவட்டப் போட்டியில் தேடிப் பிடித்து உட்கார வைப்பார்கள். அங்கிருந்து கோட்டு நடுவர், அப்புறம் நடுவர். சனிக்கிழமையில் தான் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் போய், ஆசிரியரின் அனுமதியோடு, சின்னப் பிள்ளைகளுக்குச் சின்ன வலையில் சொல்லித்தரட்டும். ஒரு மாதம் போனால் தெரிந்துவிடும். இருபது பிள்ளைகள் கத்துகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். எரிச்சல் என்றால் கோச் கனவை அவளே இறக்கி வைத்துவிடுவாள்.

கறுத்துப் போய்விட்டாள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. ஆனால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறதா என்று கேளுங்கள். குதித்துக் குதித்து ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்த இடத்துத் தசைநாண் புண்படும். வலி என்று சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து தைலம் தேய்த்துக்கொண்டு ஆடுவார்கள். தைலத்தின் வாசனை அடித்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்த வெளியூர்ப் போட்டிக்கு அனுமதிக் கடிதம் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளியில் கேளுங்கள்: எங்கே தங்குகிறார்கள், கூடப் போகும் ஆசிரியை யார், ராத்திரி எந்த எண்ணுக்குப் போன் பண்ணலாம், கோச் தனியாக ஒரு பிள்ளையைக் காரில் ஏற்றுவாரா? நல்ல கோச் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் கூடுதல் தண்டனை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்பது சந்தேகம் அல்ல, உரிமை.

ஆசிரியை யாரும் போகவில்லை என்றால், நானே வருகிறேன் என்று சொல்லுங்கள். தண்ணீர் போத்தலும் ஐஸ் பெட்டியும் தூக்கக் குழுவில் எப்போதும் ஆள் பத்தாது. எஸ்.பி.எம். டிரையல் முடிவு வந்ததும் அந்தக் கோப்போடு அவளையும், ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள்.