நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? இனப்பாகுபாட்டின் மனவலி பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: "நான் வேலை பார்க்கும் இடத்தில் எங்கள் இனத்தவர் என்று இருப்பது நான் ஒருத்திதான். ஐந்து வருடமாகிறது. யாரும் நேரடியாகத் திட்டியதில்லை. ஆனால் என் பெயர் வாயில் நுழையவில்லை என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். நான் பேசி முடித்ததும் 'அவள் என்ன சொல்ல வருகிறாள் என்றால்' என்று இன்னொருவர் விளக்குகிறார். என் யோசனையை வேறொருவர் சொன்னால் பாராட்டு அவருக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தாலே தூக்கம் போய்விடுகிறது. எங்கள் ஆட்கள் கூடிய இடத்தில் ஒருமுறை இதைச் சொன்னேன். 'இதெல்லாம் ஒரு விஷயமா? நாங்கள் படாததா?' என்று ஒரு மாமா கேட்டார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? எங்கள் ஆட்களிடமே இதை எப்படிப் பேசுவது? ஒன்பது வயது மகள் வேறு, பள்ளியில் தன் பெயரைச் சுருக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள்."

பதில்: நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தூக்கம் போனதைவிட, 'நான்தான் பெரிதுபடுத்துகிறேனா' என்ற அந்த வரிதான். இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்களில் பலரும் நடந்ததைச் சொல்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்பதுபோல இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சந்தேகமே காயத்தின் பெரிய பகுதி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவர் முகத்துக்கு நேரே இனத்தைச் சொல்லித் திட்டினால் வலிக்கும். ஆனால் என்ன நடந்தது என்பதில் குழப்பம் இருக்காது. உங்களுக்கு நடப்பது அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேறொரு விளக்கமும் சொல்லலாம்: பெயர் உண்மையிலேயே கடினமாக இருக்கலாம், அவர் எல்லோருக்குமே விளக்கவுரை கொடுக்கிறவராக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' தான் இரவு பதினொரு மணிக்கு உங்களோடு படுக்கைக்கு வருகிறது. இதை ஆராய்ச்சியில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெசிகா சால்வடோர், நிக்கோல் ஷெல்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. வேலைக்கு ஆள் எடுத்த முடிவுகளைப் பங்கேற்றவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சில முடிவுகளில் இனவெறி அப்பட்டமாகத் தெரிந்தது. சிலவற்றில் மறைந்திருந்தது, இனவெறியா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு கவனத்தைச் சோதிக்கும் ஒரு பயிற்சி. அப்பட்டமானதைப் படித்த பிறகு அதிகம் தடுமாறியவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர்கள் அதிகம் தடுமாறியது மறைமுகமானதைப் படித்த பிறகுதான். நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையே மூளையின் சக்தியைத் தின்றுவிடுகிறது. அந்த வேலையை நீங்கள் ஐந்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள், உங்கள் உத்தியோகத்துக்கு மேலதிகமாக.

இந்தச் சின்னச் சின்ன அவமதிப்புகளுக்கு 'மைக்ரோ அக்ரஷன்' என்று 1970இல் பெயர் வைத்தவர் செஸ்டர் பியர்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். அவரும் கறுப்பினத்தவர். ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றுமில்லாததுபோலத் தெரியும், சேரும்போதுதான் பாரம் தெரியும் என்பது அவர் சொன்னதன் சாரம். உடம்பும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. ஆபத்து என்றதும் கார்டிசால் போன்ற சுரப்புகள் ஏறுகின்றன, ஆபத்து போனதும் இறங்குகின்றன. அடுத்தது எப்போது வருமோ என்று உஷாராகவே இருப்பவருக்கு அவை சரியாக இறங்குவதில்லை. முதலில் தூக்கம் கெடும், அப்புறம் எரிச்சல், மறதி, காரணமில்லாத களைப்பு. ஞாயிறு இரவு உங்கள் உடம்பு திங்கட்கிழமைக்குக் காவல் நிற்கத் தொடங்கிவிடுகிறது.

இனவெறிக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 293 ஆய்வுகளைத் திரட்டி, யின் பாரடைஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2015இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். இனவெறிக்கு ஆளாவதும் மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன என்று அதில் தெரிந்தது. உடல்நலத்தோடு இருந்ததைவிட மனநலத்தோடு இருந்த தொடர்பு வலுவானது. "மனம் சோர்ந்தவர்களுக்கு எல்லாமே பாகுபாடாகத்தான் தெரியும்" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டவை. ஆனால் 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் ஆயுதம் இல்லாத கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் கொன்ற பிறகு, அதே மாநிலத்தில் வாழும் மற்றக் கறுப்பினத்தவர்களுக்கு மனம் சரியில்லாத நாட்கள் கூடின. வெள்ளையர்களுக்குக் கூடவில்லை. கொல்லப்பட்டவர் ஆயுதம் வைத்திருந்தால் கறுப்பினத்தவர்களுக்கும் கூடவில்லை. இங்கே யாரிடமும் 'உனக்குப் பாகுபாடு நடந்ததா' என்று கேட்கவே இல்லை. சம்பவத் தேதியையும் மக்கள் நலக் கணக்கெடுப்பையும் பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நேரில் படாதவர்களையும் அது தொட்டிருக்கிறது.

இனி அந்த மாமாவுக்கு வருகிறேன். அவர்மேல் கோபப்படுவதற்கு முன் கனடாவில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் சாமுவேல் நோ என்ற ஆய்வாளர் இருந்தார். 1999இல் வந்தது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களைப் பற்றியது. பாகுபாட்டைப் பொறுத்துப்போனவர்களுக்கு மனச்சோர்வின் தாக்கம் குறைந்திருந்தது. எதிர்த்துப் பேசியதில் அப்படிப் பலன் தெரியவில்லை. 2003இல் வந்தது டொராண்டோவில் குடியேறிய கொரியர்களைப் பற்றியது. அங்கே கதை தலைகீழ்: நேரில் பேசுவது, முறையாகப் புகார் செய்வது போன்ற வழிகளை எடுத்தவர்கள்தான் தேறினார்கள், உள்ளே அடக்கிக்கொண்டவர்கள் வாடினார்கள். கலாசாரப் பழக்கத்தோடு, அவரவர் வாழ்ந்த சூழலும் கையில் இருந்த பலமும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மொழி தெரியாமல், வேலை போனால் எல்லாம் போகும் என்ற நிலையில் வந்த தலைமுறைக்குப் பொறுமை ஒரு கவசமாக இருந்தது. அது உண்மையிலேயே அவர்களைக் காப்பாற்றியது. அந்தக் கவசத்தைத்தான் மாமா உங்களுக்கும் எடுத்து நீட்டுகிறார். உங்கள் அளவுக்கு அது பொருந்தவில்லை. அதே மொழியில் படித்து, அதே தகுதியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 'நமக்கு இவ்வளவுதான்' என்று சமாதானம் ஆவது நடக்காத காரியம். உங்கள் இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் எப்படிப் பேசுவது? டேவிட் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளரின் குழு 1997இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. அன்றாடப் பாகுபாட்டை அளக்க இன்றும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அமைப்பைப் பாருங்கள். மற்றவர்களைவிடக் குறைந்த மரியாதையோடு உங்களை நடத்துகிறார்களா, நீங்கள் புத்திசாலி இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறார்களா, உங்களைக் கண்டு பயப்படுவதுபோல நடந்துகொள்கிறார்களா, எத்தனை தடவை? இவையெல்லாம் முதலில் வருகின்றன. 'இதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்' என்ற கேள்வி கடைசியில்தான்.

நம் கூட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஒருவர் வாயைத் திறந்ததும் 'அது இனவெறிதானா' என்ற வழக்கு தொடங்கிவிடுகிறது. சொன்னவர் குற்றவாளிக் கூண்டில், கேட்டவர்கள் எல்லோரும் நீதிபதிகள். அன்றைக்கு அவர் எப்படி வீடு திரும்பினார் என்று யாரும் கேட்பதில்லை. தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். என்ன நடந்தது, அப்புறம் உனக்கு என்ன ஆனது என்று மட்டும் கேட்கட்டும். இந்த ஒரு மாற்றம் நடந்தாலே பாதிக் காயம் ஆறத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று ஆரம்பிக்காதீர்கள். அந்த மாமாவிடமே தனியாகப் போய், "மாமா, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். குறுக்கிடாமல் முழுவதையும் கேளுங்கள். 'நாங்கள் படாததா' என்றவரிடம் என்ன பட்டார் என்று யாருமே இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, "எனக்குத் தீர்வு வேண்டாம் மாமா, பத்து நிமிடம் நீங்கள் கேட்டால் போதும்" என்று சொல்லிவிட்டு உங்களுடையதைச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் பெரியவர்கள் பாசத்திலேயே புத்திமதிக்குள் போய்விடுவார்கள்.

பிறகு நான்கைந்து பேராகப் பேசும் நிலை வந்தால் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். முதலாவது, ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது. அது ஆறுதலாகத் தோன்றும், ஆனால் கோபத்தை அதே சூட்டில் வைத்திருக்கும். இன்றைக்கு இவ்வளவு என்று நிறுத்தி, சேர்ந்து நடக்கவோ சமைக்கவோ போய்விடுங்கள். இரண்டாவது, பேச மறுப்பவரை வற்புறுத்துவது. விசா, வேலை, குடும்பம் என்று ஒருவருக்கு என்ன நெருக்கடி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தாக்குதல் வீடியோக்களைக் குழுவில் பகிர்வதையும் விட்டுவிடுங்கள். தங்கள் இனத்தவர் தாக்கப்படும் காட்சிகளை இணையத்தில் பார்க்கும் பதின்வயதினரிடம் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பின்வரும் அறிகுறிகளும் அதிகம் என்று அமெரிக்காவில் 2019இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். நம் ஆட்கள் கூடும் இடத்தில் நம்மைவிடக் கறுத்தவர்களைப் பற்றி, வேறு இனத்தவரைப் பற்றி என்ன பேசுகிறோம்? நம் குழந்தைகளின் நிறத்தையே சொல்லிக் கேலி செய்கிறோமா? அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, வெளியே தனக்கு நடந்ததை நம்மிடம் வந்து சொல்லாது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம் என்று அதற்குத் தெரியும்.

அலுவலகத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, யார், சொன்ன வார்த்தைகள், யார் உடன் இருந்தார்கள். நான்கு வரி எழுதி மூடிவிடுங்கள். நாளை புகார் கொடுக்க வேண்டியிருந்தால் அது உதவும். அதைவிட முக்கியம், எழுதி வைத்தது தொலைந்து போகாது என்பதால் இரவில் மனம் அதை ஒப்பித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெயர் விஷயத்தில், கோபமாக இல்லாத ஒரு நாளில், "என் பெயரை இப்படிச் சொல்வார்கள், முழுசாகக் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்கும்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் உங்கள் யோசனை கைமாறும்போது 'அவள்தான் முதலில் சொன்னாள்' என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு சக ஊழியர் கிடைத்தாலும் பெரிய பலம். அவரிடம் வெளிப்படையாகவே கேட்டுவிடலாம்.

தூக்கமின்மையோடு மனம் கனத்துப்போவதும் எதிலும் விருப்பம் இல்லாமல் போவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றே யாரிடமாவது சொல்லி அவசர உதவியை நாடுங்கள்.

நம் ஆட்கள் மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. இந்தத் துறைக்கே ஒரு பழைய கறை உண்டு. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோட நினைப்பதையே ஒரு மனநோய் என்று எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கமும் உளவியலாளர்கள் சங்கமும் தங்கள் துறைகள் இனவெறிக்குத் துணைபோனதற்காக 2021இல்தான் மன்னிப்புக் கேட்டன. அதனால் முதல் சந்திப்பிலேயே, "இனப்பாகுபாட்டை அனுபவித்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர் இதற்கு நேராகப் பதில் சொல்வார். நீங்கள் சொன்னதும் 'வேறு மாதிரி யோசித்துப் பாருங்களேன்' என்று உங்கள் எண்ணத்தைத் திருத்தத் தொடங்குகிறவர் என்றால், வேறொருவரைத் தேடுங்கள். அந்த விசாரணையை நீங்களே போதுமான அளவு நடத்திவிட்டீர்கள்.

மகள் சின்னவள், அவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். ஏற்கனவே அவள் கவனித்துவிட்டாள், அதனால்தான் கேட்கிறாள். தங்கள் மொழி, முன்னோர், பெயர் பற்றிப் பெருமையோடு பேசும் வீட்டுப் பிள்ளைகள் பொதுவாகத் தன்னம்பிக்கையோடு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 'வெளியாட்கள் யாரையும் நம்பாதே' என்று மட்டும் சொல்லி வளர்ப்பதற்கு அந்தப் பலன் இல்லை. உடனே 'கூடாது' என்றும் சொல்லாதீர்கள், 'சரி' என்றும் சொல்லாதீர்கள். யார் முதலில் சுருக்கிக் கூப்பிட்டார்கள், அப்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள். தோழி ஆசையாகக் கூப்பிட்டது என்றால் அது செல்லப் பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். வகுப்பில் சிரித்தார்கள் என்றால் ஆசிரியரிடம் நீங்கள் பேசுங்கள். அந்த வேலையை ஒன்பது வயதுக் குழந்தையிடம் விடக் கூடாது. அவள் பெயருக்கு என்ன பொருள், யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் உங்கள் அலுவலகத்தில் பெயரைத் திருத்திச் சொல்லும் நாள் வரும்போது, அன்று மாலையே அதை அவளிடம் சொல்லுங்கள். அவர்கள் மறுபடியும் தப்பாகவே சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து.