'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' ஆஸ்திரேலியாவில் எங்கெல்லாம் நடந்தது? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

கேள்வி: மெல்பர்னில் எங்கள் நாடகக் குழு 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' என்ற பழைய ஆங்கிலச் சிரிப்பு நாடகத்தைப் போடப் போகிறது. காலனிக் காலத்தில் இது இங்கே எப்படி நடந்தது என்று நிகழ்ச்சி மலரில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இணையத்தில் தேடினால் ஏராளமாக வந்து விழுகிறது, பெரும்பாலும் சம்பந்தமில்லாதவை. எப்படித் தேடுவது? உரிமைத் தொகை கட்ட வேண்டியிருக்குமா?

பதில்: உரிமையை முதலில் முடித்துவிடுவோம். எழுதிய ஜான் மேடிசன் மார்ட்டன் 1891இல் இறந்துவிட்டார், அதனால் மூல நாடகத்துக்கு யாருக்கும் பணம் தர வேண்டாம். இக்காலத்தில் ஒருவர் திருத்தியோ சேர்த்தோ வெளியிட்ட பிரதியை வைத்து நடித்தால் மட்டும் அந்தப் பதிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, தேடலுக்கு ஒரு எல்லைக்கோடு. இந்த நாடகம் 1847 நவம்பர் 1ஆம் தேதி லண்டன் லைசியம் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது, பக்ஸ்டோன் பாக்ஸாகவும் ஹார்லி காக்ஸாகவும் நடித்தார்கள். அன்று லண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பல் வந்து சேர மூன்று நான்கு மாதம் ஆகும். ஆக 1848க்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் நடந்தது என்று யார் எழுதியிருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

தேடும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம்; ஆர்கஸ், சிட்னி மார்னிங் ஹெரால்டு முதல் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் வரை இலவசமாகக் கிடைக்கும். நியூசிலாந்துக்கு 'பேப்பர்ஸ் பாஸ்ட்'. ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'ஆஸ்ஸ்டேஜ்' என்ற மேடை நிகழ்ச்சித் தரவுத்தளத்தையும் பாருங்கள், ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அதில் முழுசாக இல்லை. அதில் இல்லாததை வைத்து 'நடக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நீங்கள் சொன்ன குப்பை எங்கிருந்து வருகிறது என்றால், அந்தக் கால அரங்க விளம்பரங்கள் பலவற்றிலும் 'பாக்ஸ்' (தனித் தடுப்புக்குள் இருக்கும்) இருக்கைக்கு இவ்வளவு கட்டணம் என்று போட்டிருப்பார்கள், காக்ஸ் என்பதோ ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். இரண்டையும் தனித்தனிச் சொல்லாகத் தேடினால் அந்த இரண்டும் எங்கே ஒரே பக்கத்தில் இருந்தாலும் வந்துவிடும். மேற்கோள் குறிக்குள் முழுத் தலைப்பாகத் தேடுங்கள். அதைவிட நல்ல வழி, நாடகத்தில் வரும் வாடகை வீட்டின் சொந்தக்காரி 'மிஸஸ் பவுன்சர்' பெயரைப் போட்டுத் தேடுவது. இரவெல்லாம் வேலை பார்க்கும் அச்சுத் தொழிலாளி பாக்ஸுக்கும் பகலில் வேலைக்குப் போகும் தொப்பி செய்யும் தொழிலாளி காக்ஸுக்கும் ஒரே அறையை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு விட்டு இரட்டை வாடகை வாங்குகிறவள் அவள்தான், அவள் பெயர் வரும் விளம்பரத்தில் நடிகர் பட்டியலும் கூடவே இருக்க வாய்ப்பு அதிகம். பழைய மங்கலான அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும் என்பதால் எழுத்துப் பிழைகளையும் போட்டுப் பாருங்கள், கடைசியில் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், விளம்பரத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அன்று ஒரே இரவில் இரண்டு மூன்று நாடகம் போடுவார்கள். ஷேக்ஸ்பியர் சோக நாடகம் நடந்த இரவாக இருந்தாலும் சனங்கள் சிரித்துக்கொண்டு வீடு போக வேண்டும் என்று முடிவில் ஒரு ஃபார்ஸ், அதாவது சின்னச் சிரிப்பு நாடகம், இருக்கும். பெரிய எழுத்தில் முதல் நாடகத்தின் பெயர், கீழே பொடி எழுத்தில் 'இறுதியாக' என்று இது. நாடக வரலாறு எழுதியவர்களும் அந்தக் கடைசி வரியைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் காலனிப் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது இந்தச் சின்ன நாடகங்களைத்தான். மூன்றே பாத்திரம், ஒரே அறை, ஒரு கட்டில், அடுப்பு, பன்றி இறைச்சித் துண்டு, ஆட்டு இறைச்சித் துண்டு: இவ்வளவு இருந்தால் போதும். 1851க்குப் பிறகு தங்கம் தேடிக் கூட்டம் குவிந்த ஊர்களுக்குக் குதிரை வண்டியில் மூட்டை கட்டிப் போன குழுக்களுக்கு இதைவிடத் தோதானது எது? தொழில்முறை அரங்கோடு நிற்காமல் படைவீரர்களின் பொழுதுபோக்கு மேடை, நிதி திரட்டும் கச்சேரி, ஊர்க்காரர்களே நடிக்கும் மாலைகள் என்றும் தேடுங்கள். அந்தச் செய்திகள் விளம்பரப் பக்கத்தில் இருக்காது, உள்ளூர்ச் செய்திகளுக்கு நடுவே இரண்டு வரியாகக் கிடக்கும்.

விளம்பரம் வந்ததாலேயே நாடகம் நடந்ததாக ஆகிவிடாது. நடிகருக்கு உடம்பு சரியில்லை, மழை, கூட்டமில்லை என்று நிகழ்ச்சியை மாற்றுவது சர்வசாதாரணம். அதனால் அடுத்த ஒரு வாரத்துப் பத்திரிகையில் விமர்சனமோ குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'நடந்தது' என்று எழுதலாம், இல்லையென்றால் 'அறிவிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வரி வித்தியாசம்தான், ஆனால் உங்கள் மலரைப் பார்த்து நாளை இன்னொருவர் எழுதுவார்.

ஒத்த பெயர்களிலும் ஏமாறாதீர்கள். 'காக்ஸ் அண்ட் பாக்ஸ்' என்று பெயர் திருப்பி இருந்தால் அது 1866இல் பர்னாண்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த பாட்டு நாடகமாக இருக்கலாம், கூடவே பாடகர்கள் பெயரோ சல்லிவன் பெயரோ வருகிறதா பாருங்கள். 1852இல் ஸ்டெர்லிங் காய்ன் எழுதிய தொடர்ச்சி ஒன்றும் உண்டு, அதில் பாக்ஸும் காக்ஸும் கல்யாணமாகிக் குடும்பஸ்தர்கள்.

மலரில் இருப்பது ஒரு பக்கம்தானே, அதில் ஊர்ப் பட்டியல் போட்டு நிரப்ப வேண்டாம். விமர்சனத்தோடு உறுதியான இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அன்றிரவு இதற்கு முன் என்ன நாடகம் போட்டார்கள், யார் நடித்தார்கள், டிக்கெட் என்ன விலை என்று எழுதுங்கள். மெல்பர்ன் நிகழ்ச்சி ஒன்றாவது இருக்கட்டும். அப்படி ஒன்று கிடைத்ததும் விக்டோரியா மாநில நூலகத்தில் அந்த அரங்கின் பழைய நிகழ்ச்சித் தாள் இருக்கிறதா என்று தேதியைச் சொல்லிக் கேளுங்கள், தேதி கையில் இருந்தால் நூலகர்களுக்குத் தேடுவது சுலபம்.