74 ஸ்லைடும் ஒரு கண்மாயும்

ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்கு மதுரையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியை பதில் தருகிறார்.

கேள்வி: மேலூர்ப் பக்கம் 12 கண்மாய்களில் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. 25 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 286 பக்கத்தைச் சுருக்கி 74 ஸ்லைடு செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் பேசிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. எதை விடுவது என்று தெரியவில்லை. கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. நெறியாளரைக் கேட்டால், "நீதானே எழுதுன, பேசிருவ" என்கிறார்.
- வாசகி, மேலூர் வட்டம்

பதில்: அம்மா, புறத்தேர்வாளர்களின் அறிக்கைகளை வாங்கிப் படித்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் முதலில் கவலைப்பட்டேன். அறிக்கை திருப்தியாக இருந்து, வாய்மொழித் தேர்வு நடத்தலாம் என்ற பரிந்துரையும் அதில் இருந்தால்தான் வைவாவுக்குத் தேதியே குறிக்க முடியும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016 விதிமுறை சொல்கிறது; 2022-இல் புது விதிமுறை வருவதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு உரியது அது. ஆகவே உங்கள் ஆய்வை வரிவரியாகப் படித்தவர்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உங்களை அழைத்திருக்கிறார்கள். அந்த அறிக்கைகளில் உள்ள விமர்சனங்களை வைத்தும் கேள்விகள் வரும் என்று அதே விதிமுறையில் இருக்கிறது. வினாத்தாளில் ஒரு பகுதி முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது போலத்தான். நெறியாளரிடம் கேட்டு நகல் வாங்குங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பதிலை உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள்.

சரி, 74 ஸ்லைடுக்கு வருவோம். நீங்கள் ஒவ்வொரு இயலையும் சுருக்கியிருக்கிறீர்கள். முன்னுரைக்கு ஐந்து, முன்னாய்வுகளுக்குப் பன்னிரண்டு என்று போயிருக்கும். அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் புறத்தேர்வாளர் ஆய்வேட்டை முழுக்கப் படித்துவிட்டு வந்தவர். மற்றவர்களில் பலர் அதன் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டு தரப்புக்குமே இயல் வாரியான சுருக்கத்தால் பயனில்லை. மூன்று கேள்விகளுக்குத்தான் அவர்களுக்குப் பதில் வேண்டும். நீங்கள் எதைத் தெரிந்துகொள்ளப் போனீர்கள், எப்படித் தேடினீர்கள், என்ன கிடைத்தது?

ஒரே ஒரு கண்மாயிலிருந்து ஆரம்பியுங்கள். பன்னிரண்டில் எங்கே தகராறு அதிகமோ அந்தக் கண்மாய். நீங்களே எடுத்த மடையின் படம் ஒன்றைத் திரை நிறையப் போடுங்கள். புறத்தேர்வாளர் கோவையிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வரலாம். நாம் கண்மாய் என்பது வட மாவட்டக்காரருக்கு ஏரி, திருநெல்வேலிக்காரருக்குக் குளம். மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு எது, அங்கிருந்து மறுகால் எந்தப் பக்கம் பாயும், மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சிக்குக் கூலியை யார் கொடுக்கிறார்கள், மழை பொய்த்த வருஷத்தில் கடைமடை வயலுக்கு என்ன ஆனது என்று அந்த ஒரு கண்மாயை வைத்தே நான்கு நிமிடத்தில் காட்டிவிடலாம். அப்புறம் மற்ற 11 கண்மாய்களில் எவை இதே போல, எவை வேறு மாதிரி, ஏன் என்று போங்கள். அதுதானே உங்கள் ஆய்வு!

எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த நல்ல வழி, மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டில் ஒருவரிடம் ஐந்து நிமிடம் வாயால் சொல்லிப் பார்ப்பது. என்னிடம் ஆய்வு செய்த ஒரு பெண் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைப் பற்றி எழுதினாள். அவளுடைய அம்மா பூக்கட்டுகிறவர். வைவாவுக்கு ஒரு வாரம் முன்னால், பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து தன் ஆய்வைச் சொல்லியிருக்கிறாள். "மழையில பூ அழுகிப்போனா அந்த நட்டம் யாரு தலையிலடி விழுகுது?" என்று அவர் கேட்டாராம். அதற்குப் பதில் அவளுடைய மூன்றாம் இயலில் முழுசாக இருந்தது. ஸ்லைடில் மட்டும் இல்லை. அன்றைக்கு ராத்திரியே மூன்று கோட்பாட்டு ஸ்லைடுகளை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தாள். நீங்களும் சொல்லிப் பாருங்கள். வாயில் தானாக வந்தவை இருக்கட்டும். வராதவற்றை நீக்கிவிட வேண்டாம், நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். கேள்வி வந்தால் அங்கிருந்து எடுத்துக் காட்டலாம்.

25 நிமிடத்துக்கு 15 ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். பேச்சை 20 நிமிடத்துக்கே தயார் செய்யுங்கள். வரவேற்பும் அறிமுகமும் உங்கள் நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பெரிய அட்டவணையை அப்படியே ஒட்டாமல், அதில் நீங்கள் பேசப் போகிற இரண்டு எண்களை மட்டும் பெரிதாகப் போடுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் பல ஆய்வேடுகள் தட்டச்சாகின்றன. அந்தக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ஸ்லைடு உங்கள் கணினியில் அழகாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கருத்தரங்க அறைக் கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து நிற்கும். ஐந்து வருஷம் உழைத்த பிள்ளைகள் இதனால் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிடிஎஃப் நகல் ஒன்றைப் பென்டிரைவிலும் இன்னொன்றை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே அந்த அறைக்குப் போய்த் திரையில் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

இனி கேள்விகள். ஏன் இந்தப் 12 என்பது நிச்சயம் வரும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள கண்மாய் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். உங்கள் பன்னிரண்டில் எத்தனை எந்தப் பக்கம்? பெரியாறு அணை 1895-இல் வந்த பிறகு கால்வாய்த் தண்ணீர் பெறும் கண்மாய்கள் எவை, இன்றும் மழையை மட்டும் நம்பியவை எவை? மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலப் பணம் எங்கே போகிறது? நானாக இருந்தால் இவற்றைத்தான் கேட்பேன்.

1988-இல் என் வைவாவில் ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகை தவறு என்று புறத்தேர்வாளர் காட்டினார். அது தவறுதான் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வராமல் ஏதேதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மேலே வற்புறுத்தவில்லை. பட்டம் கிடைத்தது. அந்த சில நிமிடங்கள் இன்றைக்கும் எனக்கு உறுத்துகின்றன. பிழை என்றால், "ஆமாம் ஐயா, திருத்தித் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தரவு எட்டாத இடத்தைப் பற்றிக் கேட்டால், "நான் அதைத் திரட்டவில்லை" என்று சொல்வதும் முழுமையான பதில்தான். கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பேசத் தொடங்குங்கள். எழுதுகிற அந்தச் சில நொடிகளில் நாக்கும் இளகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வைவா அன்று சால்வை, பரிசு, ஓட்டலில் மதிய விருந்து என்று கடன் வாங்கிச் செலவழிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. எந்த விதியிலும் அது இல்லை. வந்தவர்களுக்குக் காபியும் வடையும் போதும். மிச்சப் பணத்தில் ஒரு வண்டி பிடித்து, உங்களுக்குத் தகவல் சொன்ன நீர்பாய்ச்சிகளில் இரண்டு பேரை அழைத்து வாருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் வைவாவில் வந்து உட்காரலாம் என்று அந்த 2016 விதிமுறையே சொல்கிறது. உங்கள் கண்மாயை அவர்களைவிட அறிந்தவர் யார்?

கேள்வி: 'திருமங்கலம் வட்டார வேளாண்மை மாற்றங்கள், 1950 முதல் இன்று வரை' என்ற என் முன்மொழிவை ஆலோசனைக் குழு திருப்பிவிட்டது. மறுபடி பேச வேண்டும். ஸ்லைடை எப்படி மாற்றுவது?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, ஸ்லைடை விடுங்கள், தலைப்பை மாற்றுங்கள். முன்மொழிவில் முடிவு எதுவும் கையில் இருக்காது. இந்தக் கேள்வியை இந்த ஆளால் மூன்று நான்கு வருஷத்தில் முடிக்க முடியுமா என்றுதான் குழு பார்க்கும். கரிசல் நிலத்தில் பருத்தியை விட்டவர்கள் எதற்கு மாறினார்கள் என்பது போல, கேள்விக்குறியோடு முடிகிற ஒரே வாக்கியமாக எழுதுங்கள். இரண்டு ஊர் போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் பதிவேட்டை ஒரு முறையாவது போய்ப் பார்த்து, எந்த வருஷத்துக்கு உள்ளது, எதற்கு இல்லை என்று ஒரு ஸ்லைடில் போடுங்கள். அச்சு நகலைக் குழுவினர் கையில் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.