கணக்குக் கேள்வி பதில்: எதில் 20 சதவீதம்?

கேள்வி: ஓர் எண்ணில் 20% குறைத்தால் 480 வருகிறது. முதலில் இருந்த எண் என்ன? 480-இன் 20 சதவீதமான 96-ஐ அதனுடன் கூட்டினேன், 576 வந்தது. விடைப் பகுதியில் 600 என்று இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: குறைக்கப்பட்டது பழைய எண்ணின் 20%. நீங்கள் கூட்டியதோ புதிய எண்ணின் 20%. சதவீதக் கணக்கில் பலரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எழுதத் தொடங்கும் முன் ‘எதில் 20%?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ‘எது’ தெரியாத எண்ணாக இருந்தால், அதையே அ என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பழைய எண்தான் அ. அதில் 20% போனால் மீதி 80%.

0.8 × அ = 480
அ = 480 ÷ 0.8 = 600

சரிபார்க்க: 600-இன் 20% 120, கழித்தால் 480. உங்கள் 576-ஐயும் இப்படிச் சோதித்திருந்தால் 576 − 115.2 = 460.8 என்று வந்து, பிசகு உடனே தெரிந்திருக்கும். சிலர் ‘அ − 20 = 480’ என்று எழுதி 500 என்பார்கள். 20% தனியாக நிற்கும் எண் அல்ல, அ-வின் பங்கு. எனவே அ − 0.2 × அ என்றுதான் எழுத வேண்டும்.

கேள்வி: ‘60-இல் 45 எத்தனை சதவீதம்?’, ‘எந்த எண்ணின் 35% 84?’ என்று விதவிதமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பகுதி = (சதவீதம் ÷ 100) × முழு. இது ஒன்றே போதும். தெரியாததை அ என்று போட்டுவிடுங்கள். முதல் கணக்கு: 45 = (அ ÷ 100) × 60, அ = 75. இரண்டாவது: 84 = 0.35 × அ, அ = 240. தசமத்தில் கவனம் தேவை: 5% என்றால் 0.05. அதை 0.5 என்று எழுதினால் விடை பத்து மடங்கு பிசகும்.

கேள்வி: 20 கிலோ உப்புக் கரைசலில் 15% உப்பு இருக்கிறது. அதை 20% ஆக்க இன்னும் எத்தனை கிலோ உப்பு சேர்க்க வேண்டும்? 1 கிலோ என்று எனக்கு வருகிறது.

பதில்: நீங்கள் 3 + அ = 0.2 × 20 என்று எழுதியிருப்பீர்கள். இடப்பக்கம் சரி: இருக்கும் உப்பு 20-இன் 15%, அதாவது 3 கிலோ, அதோடு சேர்ப்பது அ. வலப்பக்கத்தில்தான் கோளாறு. உப்பைப் போட்டதும் கரைசலின் மொத்த எடையும் கூடிவிடுகிறது. அது இனி 20 அல்ல, 20 + அ.

3 + அ = 0.2 × (20 + அ)
3 + அ = 4 + 0.2 × அ
0.8 × அ = 1
அ = 1.25 கிலோ

இப்போது உப்பு 4.25, மொத்தம் 21.25, சரியாக 20%. 1 கிலோ மட்டும் சேர்த்திருந்தால் 21-இல் 4, ஏறத்தாழ 19.05%. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது 0.2-ஐ இரண்டு உறுப்புகளாலும் பெருக்க மறக்காதீர்கள். நீர் சேர்த்து 10% ஆக்கச் சொன்னால் வேலை இன்னும் எளிது. உப்பு மாறாது: 3 = 0.1 × (20 + அ), அ = 10 கிலோ.

கேள்வி: 100 கிலோ பொருளில் 99% நீர். காயவைத்ததும் நீர் 98% ஆகிறது. எடை 99 கிலோ இருக்குமா?

பதில்: 50 கிலோதான்! நம்புவதற்குக் கடினமாக இருந்தாலும் சமன்பாடு ஒரே வரி. மாறாத பகுதியைப் பிடியுங்கள்: நீரல்லாதது 1 கிலோ. முதலில் அது 1%, காய்ந்தபின் 2%. 0.02 × அ = 1, அ = 50. நீரைப் பின்தொடர்ந்தால் பகுதியும் முழுவும் ஒன்றாக மாறிக் குழப்பும்.

கேள்வி: 25% கூட்டி, பிறகு 25% குறைத்தால் பழைய எண் ஏன் வருவதில்லை? எவ்வளவு குறைத்தால் வரும்?

பதில்: இரண்டாவது 25%, வளர்ந்த எண்ணின்மேல் கணக்கிடப்படுகிறது. 1.25 × 0.75 = 0.9375; ஆக 6.25% குறைந்துவிடும். முதலில் குறைத்துப் பின்பு கூட்டினாலும் இதேதான். திரும்பி வர வேண்டுமென்றால் 1.25 × (1 − அ ÷ 100) = 1. அடைப்புக்குறிக்குள் இருப்பது 0.8; அ = 20.

கேள்வி: தேர்ச்சி 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமானால், உயர்வு 10 சதவீதமா, 25 சதவீதமா?

பதில்: உயர்ந்தது 10 சதவீதப் புள்ளிகள், அதாவது இரண்டு சதவீதங்களுக்கும் உள்ள நேரடி வித்தியாசம்: 50 − 40. 40-ஐ அடிப்படையாக வைத்தால் 40 × (1 + அ ÷ 100) = 50; அ = 25, அதாவது 25% உயர்வு. தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை கூடியதா என்பது வேறு கேள்வி. முன்பு 200 பேரில் 40% என்றால் 80 பேர். இப்போது 150 பேரில் 50% என்றால் 75 பேர்தான்.