எர்த் இல்லாத பிளக் பாயிண்ட்: கொடுத்த காசு திரும்புமா?

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சமையலறையில் நான்கு பிளக் பாயிண்ட் போட ஒருவருக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். இரண்டே வாரத்தில் துணி துவைக்கும் மிஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது. வேறொரு வயர்மேனைக் கூப்பிட்டேன். ஒரு பாயிண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எர்த் வயரே மாட்டவில்லை என்கிறார், சரிசெய்ய 650 வெள்ளியாம். முதல் ஆளுக்குப் போன் போட்டால், 'வேற ஆள் கை வச்சாச்சு, இனி நான் பொறுப்பில்ல' என்கிறார். அந்த 650-ஐ அவரிடம் வாங்க முடியுமா?"

வாங்கலாம் அக்கா. ஆனால் இரண்டாமவர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லையென்றால் இன்றைக்கு அவரை நிறுத்திவையுங்கள், ஏனென்றால் உங்கள் சாட்சி இப்போது சுவருக்குள்தான் இருக்கிறது, அவர் எர்த்துக்கான பச்சை வயரை மாட்டி மூடிவிட்டால் அப்புறம் எதைக் காட்டுவீர்கள்? அதற்காக அப்படியே பயன்படுத்தச் சொல்லவில்லை. அந்தப் பாயிண்டுகளுக்குரிய சுவிட்சை டிபி பாக்ஸில், அதாவது வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில், இறக்கிவிட்டு, பிள்ளைகள் ஏற்றாதபடி டேப் ஒட்டுங்கள். எர்த் இல்லாவிட்டால் மிஷினிலிருந்து கசியும் மின்சாரத்துக்குப் போக வழியிருக்காது, தொடுகிற ஆள்தான் வழி. மின்சாரம் கசிந்தால் தானே விழுகிற ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், ஆள் தொட்ட பிறகுதான் அது விழும்.

பிறகு இரண்டாமவர் நான்கையும் ஒவ்வொன்றாகத் திறக்கட்டும், நீங்கள் போனில் படம் எடுங்கள். முனையில் வயர் இல்லாத திருகு, வெட்டிப் பின்னால் திணித்த பச்சை வயர் எல்லாம் தெரிய வேண்டும். பார்த்ததை அவர் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, தன் தகுதிச் சான்றிதழ் எண்ணோடு கையெழுத்திடட்டும். வாய்ச்சொல்லை நம்பி வந்து தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது முதல் ஆள். சரிசெய்யக்கூடிய குறை என்றால் அவருக்கு ஒரு வாய்ப்புத் தரச் சொல்கிறது சட்டம், அது எரிச்சலாக இருந்தாலும். வாட்ஸ்அப்பில் படங்களோடு, 'ஏழு நாளில் வந்து சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உங்களிடம் கேட்பேன்' என்று அனுப்புங்கள். நியாயமான அவகாசம் என்றுதான் சட்டம் பேசுகிறது, ஏழு நாள் என் கணக்கு. 'வேற ஆள் கை வச்சாச்சு' என்ற பேச்சு எடுபடாது. கழற்றிப் பார்த்ததால் எர்த் வயர் காணாமல் போகுமா? ஆனால் முழுவதையும் மாற்றிய பிறகு என்றால் அதே பேச்சுக்குக் கொஞ்சம் பலம் வந்துவிடும், அதனால்தான் பொறுக்கச் சொன்னேன்.

அவர் வராவிட்டால் 650-ஐக் கொடுத்துச் செய்துவிட்டு, ரசீதோடு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு, எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, ஆகவே நான் வர முடியாது, நீங்களே பேச வேண்டும். பயப்படாதீர்கள், தமிழ்ப் படத்தில் வரும் கோர்ட் மாதிரி இருக்காது. மன்றம் உத்தரவு போட்டு 14 நாளில் அவர் பணம் கட்டாவிட்டால் அது குற்றம்.

கையில் எழுத்து ரசீது இல்லையா? பணம் அனுப்பிய பேங்க் ஸ்லிப்பும் விலை பேசிய செய்திகளும் போதும், அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, முதல் ஆளிடம் போரங் ஜி, போரங் எச் கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததற்கும் சோதித்ததற்கும் தகுதி பெற்ற வயர்மேன் தர வேண்டிய சான்றிதழ்கள் அவை. ஆள் முழித்தால் சுருஹாஞ்சாயா தெனாகாவில், அதாவது மின்சார வேலைகளைக் கண்காணிக்கும் அரசு எரிசக்தி ஆணையத்தில், புகார் கொடுங்கள். அவர்கள் உங்கள் காசை வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் அந்தப் புகாரின் நகல் மன்றத்தில் உங்களுக்கு உதவும். 650-ஐக் கொடுக்கும் முன் அதே இரண்டு தாளை இரண்டாமவரிடமும் கேளுங்கள்.