மேடே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமான விபத்துச் செய்திகளில், விமானி கடைசியாக 'மேடே, மேடே' என்று சொன்னதாகப் படிக்கிறேன். இது மே தினம்தானே? தொழிலாளர் தினத்துக்கும் ஆபத்துக்கும் என்ன தொடர்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடர்பே இல்லை. 'எனக்கு உதவ வாருங்கள்' என்பதற்குப் பிரெஞ்சில் 'வெனே மெதே' என்பார்கள். அதன் பின்பாதிதான் ஆங்கிலேயர் வாயில் மேடே ஆனது.

1920களின் தொடக்கத்தில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்தவர் ஃபிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்ட். ஆபத்தில் இருப்பவர் சொன்னதும் எல்லோருக்கும் விளங்குகிற ஒரு சொல்லை அவரிடம் கேட்டார்கள். அங்கிருந்து நிறைய விமானங்கள் பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்துக்குப் போய்வந்தன. ஆகவே ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் இருவருக்கும் புரிகிற சொல்லாக இதைக் கொடுத்தார்.

அப்போதே எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துக் குறி இருந்தது. ஆனால் அது தந்தி அடிக்கும் விரலுக்கானது: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அதற்குச் சொல்லப்படும் விரிவாக்கங்களெல்லாம் பிறகு ஒட்டவைத்தவை. வாயால் பேசும்போது, இரைச்சலில் 'எஸ்' சரியாகக் கேட்காது. மேடே கேட்கும். 1927இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. மூன்று முறை சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அந்த அலைவரிசையில் மற்றவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிடுவார்கள்.

இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1990 ஜனவரி 25 நினைவுக்கு வரும். கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 என்ற பயணிகள் விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமிட்டபடி காத்திருந்தது. 'முன்னுரிமை வேண்டும்' என்றார்கள் விமானிகள். 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்றார்கள். மேடே என்று சொல்லவில்லை. தரையில் இருந்தவர்களுக்கு அது பல விமானங்கள் வைக்கும் கோரிக்கைகளில் ஒன்றாகத்தான் பட்டது. என்ஜின்கள் நின்று, லாங் ஐலண்டில் ஒரு மேட்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அந்த ஒற்றைச் சொல் வந்திருந்தால் ஓடுபாதையை உடனே ஒழித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'கடைசியாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாகுமுன் சொல்லும் சொல் அல்ல, இன்னும் நேரம் இருக்கும்போது சொல்லவேண்டியது. மேடே சொல்லிவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கிய விமானங்கள் ஏராளம். அவற்றில் பல நம் செய்தித்தாளுக்கு வருவதில்லை.