ஈஜிஆர் வால்வு: கழற்றுவதா, கழுவுவதா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை டீசல் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான் போலிருக்கிறது: புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வைத் தூக்கிவிடலாமா? வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மண்டபம்: 2013 மாடல் டீசல் கார். இரண்டாவது கியரில் இழுவையே இல்லை, பின்னால் கரும்புகை. ஈஜிஆரில் தகடு வைத்து அடைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அடைக்கலாமா?

வால்வுதான் காரணமென்றால், அடைத்ததும் புகை நிற்கும், இழுவையும் வரும். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆனால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தாலும் அதேதான் நடக்கும்.

சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுவதுதான் ஈஜிஆரின் வேலை. அதனால் உள்ளே எரியும் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறைவாக உண்டாகும். நுரையீரலைக் கெடுக்கிற வாயு அது. சிக்கல் என்னவென்றால், புகையிலுள்ள கரியும் இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து தார் மாதிரி வால்வில் அப்பிக்கொள்ளும். வால்வு திறந்தபடியே சிக்கிவிட்டால், மிதிக்கும்போது காற்று போதாமல் வண்டி புகை கக்கும். நல்ல வால்வு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் தானாகவே மூடிக்கொள்ளும். "எடுத்துவிட்டேன், வண்டி பறக்கிறது" என்பவர்கள் ஒப்பிடுவதெல்லாம் கரி அடைத்த வால்வோடுதான்.

முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தனுஷ்கோடிக்கு அடிக்கடி போய்வரும் வண்டியென்றால், தட்டினால் மடிப்பிலிருந்து மணல் கொட்டும். டர்போ ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இதே கரும்புகைதான். இரண்டும் சரியாக இருந்தால் வால்வுக்குப் போகலாம். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, சற்று ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் கரி கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக் கூடாது. வால்வை இயக்கும் மோட்டார் பக்கம் கிளீனர் இறங்கக் கூடாது. மாட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள். பல கார்களில், வால்வு மூடியிருக்கும் நிலை எது என்று ஸ்கேனர் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டு, அப்புறம் "கழுவியும் பிரயோஜனமில்லை" என்பார்கள்.

பாம்பன்: என் விசைப்படகு இன்ஜினில் ஈஜிஆர் என்று ஒன்றும் கிடையாது. வருடக்கணக்காக ஓடுகிறது. காருக்கு மட்டும் எதற்கு?

படகு இன்ஜின் ஆரம்பத்திலிருந்தே அது இல்லாமல் ஓடுவதற்கென்று செய்தது. காரில் கதை வேறு. வால்வைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் காற்று இவ்வளவு குறைய வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கும். தகடு வைத்தால் காற்று குறையாது. பி0401 என்ற பிழைக் குறியீடு (மெக்கானிக்குகள் சொல்லும் 'கோடு') பதிவாகி, செக் இன்ஜின் லைட் எரியும். சில கார்கள் வேகத்தையும் கட்டிப்போட்டுவிடும். அதை மறைக்க ஈசியூவில், அதாவது அந்தக் கம்ப்யூட்டரில், கை வைக்க வேண்டும். கை வைத்தவர் நாளைக்குப் போனை எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

ராமநாதபுரம்: அடைத்த வண்டிகூடப் புகைச் சோதனையில் பாஸ் ஆகிவிடுகிறதே?

ஆகும்தான். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு அதில் பிடிபடாது. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மாசு விதியை மீறிய வண்டியை ரோட்டில் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 190(2)-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்ஸும் 3 மாதம் போய்விடும். பானட்டைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லைதான். அதற்காக நான் செய்யச் சொல்ல முடியாது.

தங்கச்சிமடம்: பிஎஸ்6 வண்டி. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. ஈஜிஆரோடு அதையும் எடுத்துவிட்டால் தொல்லை தீருமா?

வேண்டவே வேண்டாம். ஈஜிஆர் கோடு விழுந்தால் பல பிஎஸ்6 கார்கள் டிபிஎஃபில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையையே நிறுத்திவிடும். உங்கள் பிரச்சினை ஓட்டத்தில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே சுற்றுவதால் இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். வாரம் ஒருமுறை பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போய் வாருங்கள். நடுவில் டீ குடிக்க நிறுத்தாதீர்கள். அப்படியும் விளக்கு அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்து எரிக்கச் சொல்லலாம்.

ஏர்வாடி: கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே ஒழுகலும் இல்லை. காலையில் வெள்ளைப் புகை.

ஹெட் கேஸ்கட் என்று இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஈஜிஆர் கூலரை (திரும்பி வரும் புகையைக் கூலன்டால் குளிரவைக்கும் பாகம்) பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஓட்டை விழுந்தாலும் இதே அறிகுறிதான்.

கீழக்கரை: பழைய டீசல் கார் வாங்கப் போகிறேன். ஈஜிஆர் அடைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்வும் குழாயும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கட்டுக்கு வெளியே தகட்டின் விளிம்பு லேசாக நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கையே முடக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை விலை குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

தேவிபட்டினம்: இரண்டு முறை சுத்தம் செய்தும் ஈஜிஆர் கோடு திரும்பத் திரும்ப வருகிறது. புது வால்வு போடச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். கார் கடற்கரைப் பக்கமே நிற்கிறதா? வால்வுக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் சிக்னல் ஒழுங்காகப் போகாது. கம்ப்யூட்டர் வால்வைக் குறை சொல்லும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, சாக்கெட்டின் ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேக்குவத்தில் இயங்கும் பழைய மாடலென்றால் அந்தச் சிறு ரப்பர் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும். பிறகு அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் புது வால்வுக்குச் சொல்லலாம்.